முதல் பணிஸை யார் சாப்பிடுவது

1

பள்ளிக்கூடத்தில் இருந்து இறங்கும் சரிவில் பாதித் தூரம் வந்த பிறகுதான் காது எரியத் தொடங்கியது. தலையைத் தடவிப் பார்த்தேன். தொப்பி இல்லை. கூட்டம் நடந்த மண்டபத்தில், நான் இருந்த கதிரைக்குக் கீழே வைத்தது அப்படியே கிடக்கும். திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் சன்னல்கள் மஞ்சளாகத் தெரிந்தன. கூட்டம் இன்னும் முடியவில்லை. ஏறிப் போனால் எடுத்து வரலாம். நான் போகவில்லை.

எழுந்து வந்த இடத்துக்குத் திரும்பிப் போவது என் பழக்கத்தில் இல்லை. நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் ஏசினான் என்று இறப்பர்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். அதற்குள்ளே என் நல்ல கம்பளிக் காலுறை இருந்தது. பேர்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் என் சொந்தக் கத்தியை விட்டு வந்தேன். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு பேப்பர் போட்டேன், அலுவலகம் துடைத்தேன், பஸ் கழுவினேன், கூரையில் ஏறிப் பனி தள்ளினேன். எல்லா இடத்திலும் ஒரு நாள் ஏதோ ஒன்று பிடிக்காமல் போகும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். வந்த பிறகுதான் குடையோ சாப்பாட்டுப் பெட்டியோ ஞாபகம் வரும். கடைசியாக ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். அதையும் விட்டு ஒரு மாதமாகிறது.

அன்று பெற்றார் கூட்டத்தில், என் மகளின் சிநேகிதியின் தாய் வசந்தி எல்லோருக்கும் முன்னால் சொன்னதும் இதைத்தான்.

"தேவண்ணை, நீங்கள் ஒரு இடத்திலை நிண்டு உழைச்ச மனுசனே? உங்கட பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு தேவைதான். அதுக்காக எங்கட பிள்ளையளையும் அந்த வரிசையிலை விடச் சொல்லாதேங்கோ."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் கோட்டை எடுத்தேன். வந்துவிட்டேன். சரிவெல்லாம் பகலில் உருகிய பனி மாலையில் மறுபடி உறைந்து வழுக்கியது. கையால் காதைப் பொத்திக்கொண்டு, புருசெத்தின் மாடிக் குடியிருப்புகளை நோக்கி ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினேன்.

2

ஊரில் இருந்து வாசிக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டில் அரசாங்கம் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து தரும் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் ஒன்று செய்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் கூடுதலாக இருக்கும் பகுதிகளின் பள்ளிக்கூடங்களுக்கு மாநகரசபை மேலதிகமாகக் காசு ஒதுக்குகிறது. அது எந்தப் பெற்றாரின் கைக்கும் வராது, பள்ளிக்கூடத்துக்கே போகும். அதைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் அதிபரும் ஆசிரியர்களும் தீர்மானிக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் கணக்குப் பாடத்துக்கு இரண்டாவது ஆசிரியரைப் போடும். இன்னொன்று பின்னேரம் வீட்டுப்பாடம் செய்ய ஆள் வைக்கும்.

புருசெத் ஒஸ்லோவின் கிழக்கில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். என் மகள் துளசி இங்கே எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடம் அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்துக் காலைச் சாப்பாட்டு அறை ஒன்று திறந்தது. பாடம் தொடங்க முன் வருகிற பிள்ளைக்கு ஓட்ஸ் கஞ்சி, பாண், மண்ணிறப் பாற்கட்டி, பால். அதோடு கணக்கு வாத்தியார் ஒருவரும் அங்கே இருப்பார். யோனாஸ் என்று பெயர், தாடி வைத்த இளம் பெடியன். அவரும் பாணைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற பிள்ளை கேட்கிற கணக்கைச் சொல்லிக் கொடுப்பார். வகுப்பு மாதிரி இருக்காது. சாப்பாட்டு மேசைக் கதை மாதிரி இருக்கும்.

துளசிக்குக் கணக்கு ஏறாது. என்னிடம் கேட்டுப் பயனில்லை. நான் படித்ததும் எட்டாம் வகுப்புவரைதான், அதிலும் கடைசி ஆண்டு கால்வாசி நாள் போகவில்லை. என் மனைவி சாந்தி முதியோர் இல்லத்தில் காலை வேலை. விடிய முன் வீட்டை விட்டுப் போய்விடுவாள். எனக்கு வேலை இருக்கும் நாட்களில் நானும் அப்படித்தான். துளசி தானே எழும்பி, தானே கதவைப் பூட்டி, வெறும் வயிற்றோடு போகிற பிள்ளை. இதை எங்கள் ஆட்கள் ஒருவரும் வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் எங்கள் கட்டிடத்தில் பாதி வீடுகளில் காலை இப்படித்தான் விடிகிறது.

அந்த அறை திறந்த பிறகு அவள் நேரத்தோடு எழும்பிப் போனாள். ஒரு நாள் பின்னேரம் வந்து, தோடம்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து வைத்து எனக்குப் பின்னம் சொல்லித்தந்தாள். பாதி நோர்வேஜிய மொழி, பாதி தமிழ். எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் தோடம்பழம் முழுவதையும் இரண்டு பேரும் சேர்ந்து தின்று முடித்தோம். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு சறுக்குப் பலகையை இழுத்து வந்த பிள்ளை, கொஞ்சக் காலமாகத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள், அன்று என்னோடு மேசையில் இருந்தாள்.

பிறகு அதிபர் ஒரு பிழை விட்டார். அதிபரை இங்கே ரெக்டர் என்பார்கள். எங்கள் ரெக்டரின் பெயர் மாரித். நல்ல மனுசி. ஆனால் நோர்வேக்காரருக்கு ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. ஆகஸ்டில் நடந்த பள்ளி ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் திரையில் படம் போட்டுக் காட்டி, "எங்கள் பகுதியில் வசதி குறைந்த குடும்பங்கள் அதிகம், அதனால் இந்தக் காசு கிடைத்தது, அதில்தான் இந்தக் காலைச் சாப்பாடு" என்று சொன்னார். அவருக்கு அது நல்ல செய்தி.

எங்கள் ஆட்களுக்கு முகம் கறுத்துப்போனது. அடுத்த கிழமை வசந்தியும் வேறு சில தாய்மாரும் சேர்ந்து பெரிய தட்டுகளில் றோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தார்கள். நாங்கள் வாங்குகிற ஆட்கள் இல்லை, கொடுக்கிற ஆட்கள் என்று காட்டுவதற்கு. ரெக்டருக்கு அது எங்கே விளங்கப் போகிறது? அவர் சந்தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கி, "அருமையான டுக்னாட்" என்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். டுக்னாட் என்பது இங்குள்ள சிரமதானம். வடை முழுவதையும் வாத்தியார்மார்தான் தின்றார்கள். தாய்மார் மறித்துவிட, தமிழ்ப் பிள்ளைகள் அந்த அறைக்குப் போவது அன்றோடு நின்றது.

தமிழ்ப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அவர்கள் நின்றதும், அது ஏழைகளின் அறை என்று பிள்ளைகளுக்குள்ளே கதை பரவியது. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். துளசியும் நின்றாள். ஒரு நாள் வகுப்பாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் மகள் முதல் பாடத்தில் மேசையில் தலை வைத்துப் படுக்கிறாள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

பிள்ளைகள் வராவிட்டால் டிசம்பரில் நத்தாரோடு அந்த அறையை மூடிவிட்டுக் காசை வேறு எதற்காவது பாவிக்கப் போவதாக ரெக்டர் அறிவித்தார். அதைப் பற்றிக் கதைக்கத்தான் அன்றைய கூட்டம்.

3

கூட்டத்துக்குப் போகிற அன்று காலையில்தான் கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவாம். ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் சேர்ந்து வறிய மாணவர்களுக்குப் புத்தகப்பை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பின்னால் பெரிய பதாகை. அதில் கொடுத்தவர்களின் பெயர் எல்லாம் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை, துளசியின் வயதிருக்கும், பையைக் கையில் வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்.

அந்தச் சேகரிப்பை முன்னின்று நடத்தியது வசந்திதான். ஊரில் பல பள்ளிக்கூடங்களுக்கு அவள் இப்படிச் சேர்த்து அனுப்புவாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவள் கெட்டவள் இல்லை. நல்லாய் நோர்வேஜிய மொழி பேசுவாள். எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற வேலை. சாந்திக்குச் சுகமில்லாமல் இருந்தபோது நேரம் பாராமல் ஓடி வந்தவள். அவளுடைய மகள் அனுஜா துளசியின் வகுப்பு. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிவார்கள்.

மண்டபத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். என் பக்கத்தில் செந்தில். தமிழ்நாட்டுக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, இரண்டு வருடம் முன்புதான் இங்கே வீடு வாங்கி வந்தார். அவருடைய மகள் சின்ன வகுப்பு. என்னை எங்கே கண்டாலும் "அண்ணே" என்று வந்து பேசுவார். எங்கள் தமிழ் அவருக்கு அரைவாசி விளங்காது. ஆனால் கேட்கப் பிடிக்குமாம்.

ரெக்டர் பேசி முடித்துவிட்டு, பெற்றார் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வசந்தி எழுந்து, தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே சாப்பாடு கொடுக்கும், அந்த அறை தேவையில்லை, அதை மூடிவிட்டு அந்தக் காசில் இன்னொரு ஆசிரியரை எடுங்கள் என்று திருத்தமாகச் சொன்னாள். பலர் தலை ஆட்டினார்கள்.

எனக்கு மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கும் துளசிதான் கண்ணுக்குள் வந்தாள். கையைத் தூக்கினேன்.

4

நான் சொல்ல நினைத்தது பணிஸ் கதை.

என் வயதுக்காரருக்கு அது தெரியும். அப்போது எங்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுத்தார்கள். எந்தத் தேசத்து மாவோ, யார் அனுப்பியதோ எங்களுக்குத் தெரியாது. பேக்கரிக்காரர் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டிக் கொண்டுவருவார். அவர் ஒழுங்கை திரும்பும்போதே மணம் வகுப்புக்குள் வந்துவிடும். வாத்தியார் கரும்பலகையில் என்ன எழுதினாலும் அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஏறாது. மேலே மண்ணிறமாக, அடியிலே கொஞ்சம் கருகி, பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும். சீனி அதிகம் இராது. ஆனால் அந்த ருசியை நான் பிறகு எந்த நாட்டிலும் காணவில்லை. ஒஸ்லோவில் கறுவாப்பட்டைத் தூள் போட்டு ஏலக்காய் வாசத்தோடு பணிஸ் விற்கிறார்கள். நல்லது, வாங்கித் தின்பேன். கடித்தவுடன் அது இல்லை என்று நாக்குக்குத் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் பணிஸ் எல்லோருக்கும் இல்லை. வீட்டில் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். நாங்கள் எழும்பிப் போய் வாங்குவோம். என் பெயர் எப்போதும் முதலில் வரும். எங்கள் அப்பா அதற்கு முந்தின வருடம் கடலுக்குப் போய் வரவில்லை. பணிஸை வாங்கிக் கழிசான் பொக்கற்றுக்குள் அமத்திக்கொண்டு, கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்று தின்போம். நாலைந்து பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், விழுங்குவோம். கடைக்கார முதலாளியின் மகன் ஒரு நாள் எங்களைப் பார்த்து, "கோழிக்குஞ்சுகள் கொறிக்குது" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேர் பணிஸ் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பசி அதிகம். நான் நிறுத்தவில்லை.

புதிதாக வந்த தலைமை வாத்தியார் நல்லையா மாஸ்டர் அதை மாற்றினார். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் பணிஸ் எப்படி எடுத்தாரோ எனக்குத் தெரியாது. சிறுவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. மணி அடித்து எல்லோரையும் மாமரத்துக்குக் கீழே வரிசையில் விட்டார். பெட்டியைத் திறந்தார். முதல் பணிஸைத் தானே எடுத்தார். எங்கள் முன்னால் நின்று, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடித்துத் தின்றார். முழுதையும் தின்று முடித்தார். பிறகு கடைக்கார முதலாளியின் மகனைக் கூப்பிட்டு இரண்டாவதைக் கொடுத்தார். மற்ற வாத்தியார்மார் மூன்றாவது, நாலாவது. அதற்குப் பிறகுதான் நாங்கள்.

அன்றைக்குப் பிறகு கிணற்றடிக்கு ஒருவரும் போகவில்லை. எல்லோர் வாயிலும் பணிஸ் இருந்தது. யார் பசிக்காகத் தின்கிறான், யார் ஆசைக்காகத் தின்கிறான் என்று பார்க்க முடியவில்லை. மாமரத்துக்குக் கீழே நின்று, முதலாளியின் மகனோடு சேர்ந்து வாயில் மாவோடு சிரித்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். பணிஸ் நின்ற பிறகு நானும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டேன்.

பல வருடங்கள் கழித்து, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும்போது, எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். நல்லையா மாஸ்டரைப் பற்றிக் கதை வந்தது. "அந்த மனுசன் ஏழு பிள்ளைக்காரன். தூரத்திலை இருந்து சைக்கிள் மிதிச்சு வாறது. காலமை ஒண்டும் சாப்பிடுறேல்லை. பணிஸ் வந்தால்தான் அந்தாளுக்கும் காலமைச் சாப்பாடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மனுசன் அவ்வளவு ருசித்துத் தின்றதன் காரணம் அன்றுதான் தெரிந்தது.

5

இதைத்தான் ரெக்டருக்கும் பெற்றாருக்கும் சொல்ல எழுந்தேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் நோர்வேஜிய மொழி வேலைத்தள மொழி. தூக்கு, வை, கழுவு, நாளைக்கு வா. மாமரமும் மரப்பெட்டியும் அதற்குள் இல்லை. "என் பள்ளிக்கூடத்தில், நான் சின்னப் பிள்ளை, பணிஸ் வரும், தலைமை ஆசிரியர் முதலில்…" என்று தொடங்கினேன். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ரெக்டர் பொறுமையாகத் தலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

வாய் தடுமாறியதும் ஆத்திரம் வந்தது. தமிழுக்கு மாறி வசந்தியைப் பார்த்தேன்.

"நீங்கள் ஊர்ப் பிள்ளையளுக்குப் பை குடுத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புறியள். அதுகள் குனிஞ்சுகொண்டு வாங்குதுகள். இஞ்சை எங்கட பிள்ளையள் கஞ்சி குடிச்சால் ஆரும் படம் எடுக்கேல்லை. அதுக்கு ஏன் இவ்வளவு வெக்கம்?"

இதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய முகம் சிவந்துபோனது. அதற்குத்தான் அவள் நான் முதலில் எழுதியதைச் சொன்னாள், ஒரு இடத்தில் நிற்காத மனுசன் என்று. ரெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செந்தில் என் கையைப் பிடித்து, "அண்ணே, உக்காருங்க" என்றார். நான் இருக்கவில்லை.

6

வீட்டுக் கதவைத் திறந்ததும் சாந்தி கேட்டாள்.

"என்னப்பா, தொப்பி எங்கை?"

"விட்டிட்டு வந்திட்டன்."

"இந்த முறை என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு கேக்கேல்லை. தொப்பியைக் கேட்டனான்." அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

துளசி அறையில் இருந்து வந்தாள். கையில் தொலைபேசி, கண் சிவந்திருந்தது. பிள்ளைகளின் குழுவில் அதற்குள் எல்லாம் வந்துவிட்டது. அனுஜாவின் தாய் என்ன சொன்னாள், நான் எழும்பிப் போனது, எல்லாம்.

"நீங்கள் ஏன் போனீங்கள்?" என்றாள். கோபம் வந்தால் அவள் நோர்வேஜிய மொழிக்குப் போய்விடுவாள். அன்று தமிழில்தான் கேட்டாள்.

"அவ சொன்னதைக் கேட்டனியோ?"

"அவ சொன்னதுக்கு நான் அழேல்லை அப்பா. நீங்கள் போனதுக்குத்தான். நீங்கள் எல்லா இடத்திலையும் இருந்து போறனீங்கள். என்ர ஸ்கூலிலை இருந்தும் போயிட்டீங்கள்."

அவள் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள். தேநீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. செந்தில். கையில் என் தொப்பி. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்க. அதுக்கப்புறம்தான் மேட்டரே."

"இன்னும் என்ன ஏச்சு?"

"ஏச்சு இல்லண்ணே. நான் எழுந்து இங்கிலீஷ்ல பேசிட்டேன். எங்கப்பா செங்கல் சூளையில வேலை. நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பையன், கவர்ன்மென்ட் ஸ்கூல், தட்டு எடுத்துட்டு வரிசையில நிப்போம், முட்டை போடுற நாள்ல லீவே எடுக்க மாட்டேன்னு சொன்னேன். வசந்தி அக்கா திரும்பிப் பாத்து, 'தம்பி, நீங்கள் இஞ்சினியர் எல்லோ'ன்னாங்க. ஆமாக்கா, முட்டை சாப்பிட்ட இன்ஜினியர்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

சாந்தியும் சிரித்தாள். செந்தில் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"அப்புறம் வசந்தி அக்கா கையைத் தூக்கினாங்க. திடீர்னு எழுந்து ரெக்டர்கிட்ட நோர்வீஜியன்ல ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, நான் போன்ல கத்துக்கிட்ட நோர்வீஜியன். ஆனா உங்க பன் கதையைத்தான் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. நீங்க விட்ட இடத்துல இருந்து. ஹெட்மாஸ்டர் முதல்ல சாப்பிட்டது வரைக்கும்."

"அவவுக்கு அது எப்பிடித் தெரியும்? நான் அதைச் சொல்லேல்லையே."

"அது எனக்குத் தெரியாதுண்ணே. அவங்களைத்தான் கேக்கணும். ரெக்டர் கண்ணைத் துடைச்சாங்க. சரி, மூட வேண்டாம், டீச்சர்ஸ் எல்லாரும் வந்து சாப்பிடுவோம், ஒன்னாம் கிளாஸ்ல இருந்து எல்லாப் பிள்ளைங்களும் வரலாம், என் பொண்ணு உட்பட, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம்னு முடிவாச்சு. ஒரே ஒரு பிரச்சினை. கஞ்சி காய்ச்சுற ஆள் போன வாரம் வேற வேலைக்குப் போயிட்டாராம். யார் செய்வாங்கன்னு கேட்டாங்க." செந்தில் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நான் உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"ஐயோ."

"வசந்தி அக்கா சொன்னாங்க, 'அந்த மனுசன் ஒரு மாசத்துக்கு மேலை நிக்காது'ன்னு." செந்தில் எங்கள் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார், அழகாக இருந்தது. "அப்புறம் அவங்களே சொன்னாங்க, 'ஆனா நல்லாச் சமைக்கும்.' காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கண்ணே. டெம்பரரிதான்."

துளசியின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

7

மறுநாள் காலை அதே சரிவில் ஏறினேன். தலையில் தொப்பி இருந்தது. எழுந்து வந்த இடத்துக்கு நான் திரும்பிப் போன முதல் தடவை அது. கால் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்தது.

இந்த நாட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்வதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும். அது வரக் கொஞ்ச நாள் எடுக்கும். ரெக்டர் மாரித் யோசித்துப் பார்த்து ஒரு வழி சொன்னார். அதுவரை நான் பெற்றார் ஒருவராக டுக்னாட் செய்வதாக இருக்கட்டும், ஆனால் சமையலறையில் என்னைத் தனியே விட முடியாது, தான் பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார். சட்டம் அப்படி. ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் நேரத்தோடு வர வேண்டும். "நான் காலையில் சாப்பிடுவதே இல்லை, கோப்பி மட்டும்தான்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு நல்லையா மாஸ்டரின் ஞாபகம் வந்தது.

பெரிய பானை. ஓட்ஸை முதலில் தண்ணீரில் ஊற விட்டேன். பிறகு பாலை ஊற்றி, உப்பு அளவாகப் போட்டு, அடிபிடிக்காமல் கிண்டினேன். ஹோட்டல் சமையலறையில் கிண்டிய கை மறக்கவில்லை. கறுவாத் தூளும் சீனியும் ஒரு கோப்பையில் கலந்து வைத்தேன். யோனாஸ் வாத்தியார் வந்து பாண் வெட்டினார்.

பிள்ளைகள் வர முன் வசந்தி வந்தாள். கையில் ஒரு தட்டு, துணியால் மூடியிருந்தது. என்னைப் பார்க்காமல் அதை மேசையில் வைத்தாள்.

"பணிஸ்" என்றாள். "நான் சுட்டது. ஊர்ப் பணிஸ் மாதிரி வரேல்லை."

"நீங்கள் என்ர கதையை ரெக்டருக்குச் சொன்னனீங்களாம்."

"அது என்ர கதை." அவள் துணியை நேராக்கினாள். "நான் உங்களுக்கு எத்தினையோ வகுப்பு கீழை, அதே பள்ளிக்கூடம்தான். அந்தக் கடை முதலாளியின்ர மகன் என்ர மூத்த அண்ணை. வாத்தியார் முதல் சாப்பிட்டுப்போட்டு அண்ணைக்குக் குடுத்ததை அவன் வீட்டை வந்து சொன்னவன். அவனை மறிக்கேலாது, ஆனா அம்மா எனக்குக் கண்டிப்பாச் சொல்லிப்போட்டா, நீ வாங்கக் கூடாது, எங்களுக்கு என்ன குறை எண்டு. எல்லாரும் மாமரத்துக்குக் கீழை நிண்டு தின்னுவீங்கள். நான் வகுப்புக்குள்ளை இருப்பன். மணம் மட்டும்தான் வரும்."

ஒரு பணிஸை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"என்ன அண்ணை, நான் சுட்டதை எனக்கே தாறியள்" என்றாள். ஆனால் வாங்கினாள். ரெக்டர் ஒன்றை எடுத்தார். யோனாஸ் ஒன்று. நான் ஒன்று. சமையலறை வாசலில் நின்று நான்கு பேரும் தின்றோம். அடி கொஞ்சம் கருகித்தான் இருந்தது.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முதலில் எட்டிப் பார்த்தார்கள். ரெக்டர் ஒரு மேசையில் இருந்து கஞ்சி குடிப்பதைக் கண்டதும் உள்ளே வந்தார்கள். செந்திலின் சின்ன மகள் இரண்டு தரம் வாங்கினாள். பிறகு அனுஜா, அவளுக்குப் பின்னால் துளசி.

வரிசை நகர்ந்தது. துளசி எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் அவளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பார்த்து, கோப்பையில் கஞ்சியை ஊற்றினேன். என்னைத் தெரியாத மாதிரி நின்றாலும் குறை நினைப்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பதின்மூன்று வயதில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள். அனுஜாவும் மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, தமிழில் சொன்னாள்.

"அப்பா, கறுவா காணாது. நாளைக்கு இன்னும் கூடப் போடுங்கோ."

"ஓம்" என்றேன்.

பாடம் தொடங்கியதும் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். சமையல் மேலங்கியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். பக்கத்தில் என் தொப்பியையும் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று அதை மறந்து விடவில்லை, நாளைக்கும் வர வேண்டும் என்றுதான் விட்டு வந்தேன்.